குலுக்கலில் இடம் கிடைத்தால் போதுமா? அமெரிக்க சார்ட்டர் பள்ளியின் தரத்தைப் பெற்றோர் அறிவது எப்படி?

புதுதில்லி: அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கல்வியாண்டின் நடுவே ஒரு பள்ளி மூடப்பட்டது. 'எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ' என்ற அந்த இணையவழிப் பள்ளியில் அப்போது சுமார் 12 ஆயிரம் மாணவர்கள் பயின்று வந்தனர். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யச் சில மாதங்களே எஞ்சியிருந்தவர்களும் அவர்களில் அடங்குவர். அத்தனை குடும்பங்களும் ஒரே வாரத்தில் வேறு பள்ளியைத் தேடும் நிலைக்குத் தள்ளப்பட்டன.

2015-16 கல்வியாண்டில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முழுநேர மாணவர்கள் பயில்வதாகக் கூறி அப்பள்ளி அரசு நிதியைப் பெற்றிருந்தது. அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் பயின்றதற்கு மட்டுமே ஆதாரம் இருப்பதாக மாநிலக் கல்வித் துறையின் ஆய்வில் தெரியவந்தது. அடுத்த ஆண்டின் கணக்கையும் சேர்த்துச் சுமார் 8 கோடி டாலரைத் திருப்பிச் செலுத்துமாறு பள்ளிக்கு உத்தரவிடப்பட்டது. அதைச் செலுத்த வழியில்லாமல் பள்ளி மூடப்பட்டது.

இது எதிர்பாராமல் நிகழ்ந்ததன்று என்பதே கவனிக்கத்தக்கது. மாநில அரசு வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கைகளில் அப்பள்ளி முக்கியப் பிரிவுகள் பலவற்றில் மிகத் தாழ்ந்த 'எஃப்' தரத்தையே பெற்று வந்தது. நான்கு ஆண்டுகளில் உயர்நிலைக் கல்வியை முடித்தவர்களின் விகிதம் 40 சதவீத அளவிலேயே இருந்தது. இத்தகவல்கள் அனைத்தும் யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணங்களில் இருந்தன. ஆனால் பெற்றோரின் கண்ணில் பட்டவை பெரும்பாலும் பள்ளியின் விளம்பரங்களே.

அப்பள்ளி ஒரு 'சார்ட்டர்' பள்ளி. ஒரு சார்ட்டர் பள்ளியின் உண்மையான தரத்தைப் பெற்றோர் எவ்வாறு அறிந்துகொள்வது என்ற கேள்வி அமெரிக்காவில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பணி நிமித்தம் அங்குக் குடிபெயரும் இந்தியக் குடும்பங்களும் இக்கேள்வியை எதிர்கொள்கின்றன.

அரசு நிதி, தனி நிர்வாகம்

சார்ட்டர் பள்ளி என்பது அரசின் வரிப்பணத்தில் இயங்கும் பொதுப் பள்ளியாகும். கட்டணம் கிடையாது. ஆனால் அதனை நிர்வகிப்பது உள்ளூர்ப் பள்ளி மாவட்டம் அன்று. ஒரு தனி நிர்வாகக் குழு. ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், பள்ளி நேரம் ஆகியவற்றில் அக்குழுவுக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. இந்தியாவில் உள்ள அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகளுடன் ஓரளவு ஒப்பிடலாம். எனினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. சார்ட்டர் பள்ளிக்கு வழங்கப்படும் அனுமதி நிரந்தரமானதன்று. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் குறிப்பிட்ட இலக்குகளை எட்டுவதாக ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தமே 'சார்ட்டர்'. அதை நிறைவேற்றத் தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, பள்ளி மூடப்படும்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட் முன்வைத்த இக்கருத்தை, அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஷாங்கர் 1988ஆம் ஆண்டு நாடறியச் செய்தார். ஆசிரியர்கள் புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கும் களமாக இப்பள்ளிகள் அமைய வேண்டும் என்பதே அவரது எண்ணம். பின்னாளில் இத்திட்டம் சென்ற திசையை அவரே கடுமையாக விமர்சித்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை. 1991இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு அம்மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி தொடங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி நாடு முழுவதும் சுமார் 7,800 சார்ட்டர் பள்ளிகளில் 37 லட்சம் மாணவர்கள் பயின்றனர். இது பொதுப் பள்ளி மாணவர்களின் மொத்த எண்ணிக்கையில் ஏறத்தாழ 7 சதவீதமாகும்.

'சார்ட்டர் பள்ளிகள் மாவட்டப் பள்ளிகளைவிடச் சிறந்தவையா?' என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'கிரிடோ' ஆய்வு மையம் 2009இல் 16 மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்தது. கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் மட்டுமே அருகிலுள்ள பொதுப் பள்ளிகளைவிடச் சிறப்பாகச் செயல்பட்டன. 37 சதவீதப் பள்ளிகள் பின்தங்கியிருந்தன. அதே மையம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், சார்ட்டர் பள்ளி மாணவர்கள் ஓராண்டில் வாசிப்பில் 16 நாள்களுக்கும் கணிதத்தில் 6 நாள்களுக்கும் நிகரான கூடுதல் கற்றலைப் பெற்றதாகக் கூறப்பட்டது. தேர்வு மதிப்பெண்களை நாள்களாக மாற்றிக் கூறும் இந்த முறையை ஆய்வாளர்கள் சிலர் ஏற்பதில்லை.

அதே 2023 ஆய்வில் இணையவழி சார்ட்டர் பள்ளிகளின் நிலை முற்றிலும் வேறாக இருந்தது. அவற்றின் மாணவர்கள் வாசிப்பில் 58 நாள்களும் கணிதத்தில் 124 நாள்களும் பின்தங்கியிருந்தனர். ஒரு கல்வியாண்டு என்பதே சுமார் 180 நாள்கள்தான். ஆகவே 'சார்ட்டர்' என்ற பெயர்ப் பலகையோ நாடு தழுவிய சராசரியோ ஒரு குறிப்பிட்ட பள்ளியைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லிவிடாது. ஒவ்வொரு பள்ளியையும் தனியே ஆராய வேண்டும்.

தேர்ச்சி விகிதம் சொல்லாத செய்தி

2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் பள்ளி வாரியாக ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட வேண்டும். சார்ட்டர் பள்ளிகளும் இதில் அடங்கும். 3ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒருமுறையும் நடத்தப்படும் வாசிப்பு, கணிதத் தேர்வுகளின் முடிவுகள் அதில் இடம்பெறும். மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் இவ்வறிக்கை கிடைக்கும்.

பெரும்பாலானோர் அதில் முதலில் பார்ப்பது தேர்ச்சி விகிதத்தை. அதாவது, எத்தனை சதவீத மாணவர்கள் மாநிலம் நிர்ணயித்த அளவை எட்டினர் என்பதை. வீடு தேடுவோர் பயன்படுத்தும் இணையதளங்களில் காணப்படும் 'கிரேட்ஸ்கூல்ஸ்' அமைப்பின் 1 முதல் 10 வரையிலான மதிப்பெண்ணிலும் தேர்வு முடிவுகளுக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் தேர்ச்சி விகிதம் பெருமளவு எடுத்துக்காட்டுவது பள்ளிக்குள் நுழைந்த குழந்தைகளின் குடும்பப் பின்னணியைத்தான். பட்டதாரிப் பெற்றோரும் வசதியான வருமானமும் உள்ள குழந்தைகள் எந்தப் பள்ளியில் பயின்றாலும் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் பெறுகின்றனர்.

அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளி என்ன கற்றுக்கொடுத்தது என்பதை அறிய, முன்னேற்ற அளவு என்ற மற்றொரு எண்ணைப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரே நிலையில் இருந்த மாணவர்களில், இந்தப் பள்ளியில் பயின்றவர்கள் மற்றவர்களைவிட எவ்வளவு முன்னேறினர் என்பதை இது காட்டுகிறது. பெரும்பாலான மாநில அறிக்கைகளில் இது தனிப் பிரிவாக உள்ளது.

இவ்விரு எண்களுக்கும் இடையிலான தொலைவை சிகாகோ நகரம் விளக்குகிறது. அந்நகரப் பொதுப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்கள் தேசியச் சராசரிக்குக் கீழே இருந்தன. ஆனால் 3ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளில் அவர்கள் ஆறு ஆண்டுகளுக்கு நிகரான முன்னேற்றம் கண்டதாக ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் பங்கேற்ற ஆய்வு 2017இல் தெரிவித்தது. தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு அது தோல்வியுற்ற நகரம். முன்னேற்றத்தைப் பார்த்தவருக்கு நாட்டின் முன்னணி நகரங்களுள் ஒன்று. இதற்கு நேர்மாறாக, 85 சதவீதத் தேர்ச்சி காட்டும் ஒரு பள்ளியில் முன்னேற்ற அளவு சராசரிக்கும் கீழே இருக்குமானால், ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் குழந்தைகள் அங்குத் தேங்கி நிற்கின்றனர் என்று பொருள்.

ஒப்பீட்டிலும் எச்சரிக்கை தேவை. மாநிலச் சராசரியுடன் ஒப்பிடுவதைவிட, அதே பகுதியில் அதே போன்ற பின்னணி கொண்ட குழந்தைகள் பயிலும் பள்ளிகளுடன் ஒப்பிடுவதே பொருத்தமானது. பல சார்ட்டர் பள்ளிகள் சிறியவை. ஒரு வகுப்பில் 40 பேர் மட்டுமே இருந்தால், நான்கு குழந்தைகளின் முடிவு மாறுவதாலேயே தேர்ச்சி விகிதம் 10 சதவீதப் புள்ளிகள் மாறிவிடும். குறைந்தது மூன்று ஆண்டு முடிவுகளை வரிசையாகப் பார்ப்பது நல்லது. பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டு மாநிலத் தேர்வுகள் நடைபெறவில்லை என்பதால் பழைய வரிசைகளில் ஓர் இடைவெளி இருக்கும்.

வெளியேறியவர்கள் எத்தனை பேர்?

பள்ளி விளம்பரங்களில் அரிதாகவே இடம்பெறும் தகவல் இது. ஒரு பள்ளியில் 9ஆம் வகுப்பில் 120 மாணவர்களும் 12ஆம் வகுப்பில் 60 மாணவர்களும் இருந்தால், மீதிப் பேர் எங்கே சென்றனர் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. பள்ளி அண்மையில் தொடங்கப்பட்டதாகவோ விரிவடைந்து வருவதாகவோ இருந்தால் இதற்கு எளிய விளக்கம் இருக்கலாம். அவ்வாறு இல்லையெனில், தாக்குப்பிடித்தவர்களின் மதிப்பெண்களே பள்ளியின் மதிப்பெண்களாகக் காட்டப்படுகின்றன.

பள்ளிப் படிப்பை நிறைவு செய்தோர் விகிதம் இதனை வெளிக்காட்டும் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. கூட்டாட்சி விதிப்படி, வேறு பள்ளிக்கு முறையாக மாற்றலாகிச் சென்ற மாணவர்கள் அக்கணக்கிலிருந்து நீக்கப்படுவர். எனவே பாதிப் பேர் மாற்றலாகிச் சென்ற பள்ளியும், எஞ்சியவர்கள் அனைவரும் நிறைவு செய்தால் 100 சதவீதம் என்று அறிவிக்க முடியும். வகுப்பு வாரியான மாணவர் எண்ணிக்கையை நான்கைந்து ஆண்டுகளுக்கு எடுத்து, ஒரே மாணவர் அணியைப் பின்தொடர்ந்து பார்ப்பதே இதற்கு வழி. இதற்குச் சிறப்பு அறிவு எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

காலியான இடங்களில் புதிய மாணவர்களைப் பள்ளி சேர்த்துக்கொள்கிறதா என்பதும் இதனுடன் தொடர்புடையது. நியூயார்க்கில் உயர்ந்த தேர்வு முடிவுகளுக்குப் பெயர்பெற்ற 'சக்சஸ் அகாடமி' பள்ளிகள் 4ஆம் வகுப்புக்கு மேல் புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்ற கொள்கையைக் கடைப்பிடித்து வந்தன. பின்தங்கிய நிலையில் வரும் குழந்தைகளை மேல் வகுப்புகளில் ஏற்க வேண்டிய மாவட்டப் பள்ளிகளுடன் அவற்றை ஒப்பிடுவது நியாயமா என்ற வாதம் இதனால் எழுந்தது. அக்குழுமத்தின் ஒரு பள்ளியில், வெளியேற வேண்டியவர்கள் என 16 குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் தயாரிக்கப்பட்டதாக 2015இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் செய்தி வெளியிட்டது. அது குழுமத்தின் கொள்கைக்கு மாறான தனிப்பட்ட தவறு என்று அதன் நிறுவனர் ஈவா மாஸ்கோவிட்ஸ் விளக்கம் அளித்தார்.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் இப்பகுதியைக் கூடுதல் கவனத்துடன் ஆராய வேண்டும். சார்ட்டர் பள்ளிகளும் பொதுப் பள்ளிகளே என்பதால், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. குழந்தைக்குக் குறைபாடு உள்ளதா என்று சேர்க்கைக்கு முன்பே கேட்பது, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, அனுமதிக்கப்பட்டதன்று எனக் கூட்டாட்சிக் கல்வித் துறை 2016இல் தெளிவுபடுத்தியது. நடைமுறை வேறாக இருக்கலாம். 2009-10 கல்வியாண்டில் மாவட்டப் பள்ளி மாணவர்களில் 11 சதவீதத்தினர் மாற்றுத்திறனாளிகளாக இருந்த நிலையில், சார்ட்டர் பள்ளிகளில் அது 8 சதவீதமாகவே இருந்ததாக அமெரிக்க அரசின் கணக்கு ஆய்வு அலுவலகம் கண்டறிந்தது. 'உங்கள் குழந்தைக்கு இந்தப் பள்ளி பொருந்தாது' என்று கனிவோடு சொல்லப்படும் அறிவுரை சட்டத்தின் பார்வையில் கனிவானதாக இருக்காது. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் எத்தனை பேர், பேச்சுப் பயிற்சி போன்ற சேவைகளை வழங்குவது யார், எத்தனை முறை என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது. இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கையைக் கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமைத் தரவுத் தொகுப்பில் பள்ளி வாரியாகக் காணலாம்.

ஒப்பந்தமும் கணக்குப் புத்தகமும்

ஒவ்வொரு சார்ட்டர் பள்ளிக்கும் அனுமதி வழங்கிய ஓர் அமைப்பு இருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறுபடும். பள்ளி மாவட்டம், மாநிலக் கல்வி வாரியம், பல்கலைக்கழகம் என எதுவாகவும் அது இருக்கலாம். நியூயார்க்கில் ஒப்பந்தக் காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள்; அரிசோனாவில் 15 ஆண்டுகள். அனுமதி வழங்கிய அமைப்பு எது, ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிவடைகிறது ஆகிய இரு கேள்விகளுக்கும் பள்ளி அலுவலகம் உடனடியாக விடை கூற வேண்டும். ஒப்பந்தம் முடியும் ஆண்டில் குழந்தையைச் சேர்ப்பவர் அதை அறிந்தே சேர்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தயாரிக்கப்படும் ஆய்வு அறிக்கை, பெற்றோருக்குக் கிடைக்கும் ஆவணங்களில் மிகவும் பயனுள்ளது எனலாம். பள்ளியின் குறைகளை வெளியார் ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதியிருப்பது பெரும்பாலும் அதில் மட்டுமே. முழுக் காலத்துக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் புதுப்பிக்கப்பட்டிருந்தால், காரணம் அந்த அறிக்கையில் இருக்கும்.

நிதிநிலையும் கல்வித்தரத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பவே பள்ளிக்கு நிதி வருகிறது. எண்ணிக்கை ஆண்டுதோறும் குறையும் பள்ளியில் வாடகையும் ஊதியமும் அதே வேகத்தில் குறைவதில்லை. சுதந்திரத் தணிக்கையாளரின் ஆண்டு அறிக்கையில், பள்ளி தொடர்ந்து இயங்க முடியுமா என்ற ஐயம் எழுப்பப்பட்டுள்ளதா என்பதையும், தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் என்ற பகுதியையும் அவசியம் படிக்க வேண்டும். பள்ளியை நடத்துவோரே தங்கள் வேறொரு நிறுவனத்தின் மூலம் பள்ளிக்குக் கட்டடத்தையோ மென்பொருளையோ வாடகைக்கு அளித்தால் அப்பகுதியில் தெரியவரும். ஒஹையோ இணையப் பள்ளியின் நிறுவனருக்குச் சொந்தமான நிறுவனங்களே அப்பள்ளிக்கு நிர்வாகச் சேவையையும் பாட மென்பொருளையும் வழங்கி வந்தன. கலிஃபோர்னியா மாநிலம் 2018இல் இயற்றிய சட்டத்தின் மூலம் லாப நோக்க நிறுவனங்கள் சார்ட்டர் பள்ளிகளை நடத்தத் தடை விதித்தது. எல்லா மாநிலங்களிலும் அத்தகைய தடை இல்லை.

வகுப்பறைக்குள் ஒரு மணி நேரம்

ஆவணங்களைப் படித்த பிறகே பள்ளியை நேரில் பார்ப்பது பயன்தரும். புதிய கட்டடம், சீருடை, கைக்கணினி ஆகியவை எளிதில் கவரும்; அவை கற்றலுக்குச் சான்றாகா.

ஹார்வர்டு பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையரும் வில் டாபியும் நியூயார்க் நகர சார்ட்டர் பள்ளிகளை ஆராய்ந்தபோது, வகுப்பின் அளவு, ஒரு மாணவருக்கான செலவு, ஆசிரியர்களின் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் பள்ளியின் வெற்றிக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆசிரியர்களுக்கு அடிக்கடி வழங்கப்படும் பின்னூட்டம், தேர்வுத் தரவுகளைக் கொண்டு பாடத்தை மாற்றியமைத்தல், சிறு குழுக்களாகத் தீவிரத் துணைப் பயிற்சி, கூடுதல் கற்பித்தல் நேரம், மாணவர்கள் மீது உயர்ந்த எதிர்பார்ப்பு ஆகிய ஐந்துமே சிறந்த பள்ளிகளை வேறுபடுத்தின. எனவே முதல்வரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இவற்றையொட்டியே அமையலாம். ஓர் ஆசிரியரின் வகுப்பை மற்றவர் ஆண்டுக்கு எத்தனை முறை பார்வையிடுகின்றனர்? ஒரு குழந்தை பின்தங்குவது எத்தனை வாரங்களில் கண்டறியப்படுகிறது? அதன் பிறகு செய்யப்படுவது என்ன? இக்கேள்விகளுக்கு எண்ணும் நடைமுறையும் பதிலாக வந்தால் நம்பலாம். கொள்கை முழக்கம் வந்தால் மீண்டும் கேட்க வேண்டும்.

சென்ற ஆண்டு பணியாற்றிய ஆசிரியர்களில் இந்த ஆண்டும் தொடர்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியையும் தவிர்க்கக் கூடாது. வேறு பள்ளிக்கு மாறிச் சென்ற ஒரு குடும்பத்தை அணுக முடிந்தால், அவர்களுடன் பேசும் அரை மணி நேரம் பள்ளியின் அறிமுகக் கூட்டத்தைவிட அதிகம் சொல்லும்.

காத்திருப்போர் பட்டியலின் நீளத்தைத் தரத்தின் அடையாளமாகக் கொள்வதும் தவறாக முடியலாம். ஒரே குழந்தையின் பெயர் பல பள்ளிகளின் பட்டியல்களில் இருப்பது இயல்பு.

புதிதாகக் குடியேறும் குடும்பங்கள்

பெற்றோரின் விசா நிலை அல்லது குடியேற்ற ஆவணங்களைக் காரணம் காட்டி எந்தப் பொதுப் பள்ளியும் குழந்தையைச் சேர்க்க மறுக்க முடியாது. 1982ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் விளைவு இது. சார்ட்டர் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். வசிப்பிடம், வயது, தடுப்பூசி ஆகியவற்றுக்கான சான்றுகள் கேட்கப்படும்.

இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் முறையில் தேர்வு நடைபெறும். ஏற்கெனவே பயிலும் மாணவரின் உடன்பிறந்தோருக்குப் பொதுவாக முன்னுரிமை உண்டு. நியூயார்க் மாநிலத்தில் விண்ணப்பிக்க ஏப்ரல் 1 வரையேனும் அவகாசம் அளிக்கப்படுகிறது. இந்தியாவில் ஆண்டுத் தேர்வு முடித்து ஜூன், ஜூலை மாதங்களில் சென்று சேரும் குடும்பங்களுக்குக் குலுக்கல் பெரும்பாலும் முடிந்திருக்கும். எனினும் பள்ளி தொடங்கும் முதல் சில வாரங்களில் வராத மாணவர்களின் இடங்கள் காத்திருப்போர் பட்டியலிலிருந்து நிரப்பப்படுவதுண்டு. பள்ளிப் பேருந்து வசதியை எல்லா சார்ட்டர் பள்ளிகளும் அளிப்பதில்லை என்பதால், வீட்டுக்கு முன்பணம் செலுத்தும் முன் அதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

குலுக்கலில் பெயர் வராவிட்டாலும், வசிக்கும் முகவரிக்கு உரிய பள்ளி மாவட்டம் குழந்தைக்கு இடம் அளித்தே ஆக வேண்டும். சார்ட்டர் பள்ளி ஆண்டின் நடுவே மூடப்பட்டாலும் அந்த உரிமை மாறாது. 2018 ஜனவரியில் ஒஹையோவின் மாவட்டப் பள்ளிகள் பலவற்றின் அலுவலகங்கள், அரையாண்டுக்குப் பிறகு வந்த புதிய மாணவர்களின் சேர்க்கைப் படிவங்களைப் பெற்றுக்கொண்டது அதன் அடிப்படையில்தான்.